ரீஸ்டோர் பாயின்ட் 31 ஜிபி பிடித்திருக்கிறது, அழிக்கலாமா?

கேள்வி: என் லேப்டாப்பில் 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று ஒரு மென்பொருளில் பார்த்தேன். ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ மட்டும் 31 ஜிபி. திறக்கப் போனால் அனுமதி இல்லை என்கிறது. உள்ளே இருப்பது ரீஸ்டோர் பாயின்ட்தான் என்கிறார்கள். அழித்தால் ஆபத்தா? சர்வீஸ் செய்பவர் பெரிய டிஸ்க் மாற்றச் சொல்கிறார்.

பதில்: டிஸ்க் மாற்ற வேண்டாம். அந்த ஃபோல்டருக்குள் கையும் வைக்க வேண்டாம். ஒரு ஸ்லைடரைக் குறைத்தால் முடிகிற வேலை இது. ரீஸ்டோர் பாயின்ட் என்பது, ஏதாவது கெட்டுப்போனால் முன்பிருந்த நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் நகல்.

உங்கள் 256 ஜிபியை விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். அதில் 31 என்பது 13 சதவீதம். ரீஸ்டோர் பாயின்ட்டுகள் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்ற வரம்பை யாரோ எப்போதோ தாராளமாக வைத்துவிட்டார்கள். விண்டோஸ் 7 காலத்தில் 64 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் 5 சதவீதம் அல்லது 10 ஜிபி, இரண்டில் எது குறைவோ அதுதான் இயல்பான வரம்பாக இருந்தது. வீட்டுக் கணினிக்கு இன்றும் அது போதும்.

ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தட்டுங்கள். பழைய பாணியில் ஒரு சின்னப் பெட்டி வரும். சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘கான்ஃபிகர்’ அழுத்துங்கள். ‘மேக்ஸ் யூஸேஜ்’ என்ற ஸ்லைடரை 4 சதவீதத்துக்கு இழுத்து ஓகே கொடுங்கள். அது சுமார் 9.5 ஜிபி. வரம்பைத் தாண்டிய பழைய பாயின்ட்டுகள் தாமாகவே போய்விடும், புதியவை நிற்கும். அதே பெட்டியில் ‘டெலீட்’ என்று ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் அந்த டிரைவின் பாயின்ட்டுகள் மொத்தமும் காலி, ஒன்றுகூட மிஞ்சாது. கடைசி ஒன்று மட்டும் இருக்கட்டும் என்றால் டிஸ்க் கிளீனப்பை அட்மினாகத் திறந்து, ‘மோர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் சிஸ்டம் ரீஸ்டோருக்கு நேராக உள்ள ‘கிளீன் அப்’ அழுத்துங்கள்.

எந்தப் பாயின்ட் எத்தனை ஜிபி, இதை மட்டும் நீக்கு, அதை வை என்று சொல்ல அந்தப் பெட்டியில் வழியே கிடையாது. 2000-இல் விண்டோஸ் மில்லேனியத்தோடு வந்த வசதி சிஸ்டம் ரீஸ்டோர். இத்தனை வருடத்தில் செட்டிங்ஸ் திரையை எத்தனை முறை மாற்றி அடுக்கினார்கள்! இந்தப் பெட்டி மட்டும் விண்டோஸ் 7 காலத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

சரி, முக்கியமான எச்சரிக்கைக்கு வருகிறேன். ‘கணினியைச் சுத்தம் செய்கிறோம்’ என்று வரும் மென்பொருள்கள். முதலில் இலவசமாக ஸ்கேன் செய்யும். ஆயிரக்கணக்கில் பிழை என்று சிவப்பில் காட்டும். நீக்கு என்று அழுத்தினால் பணம் கேட்கும். பணம் கட்டினாலும், ரீஸ்டோர் பாயின்ட் விஷயத்தில் அது செய்யப்போவது நீங்கள் மேலே இலவசமாகச் செய்ததைத்தான். போதாக்குறைக்கு, சில மென்பொருள்கள் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியையும் ‘சரிசெய்கிறேன்’ என்று கிளம்பும். அதில் ஏதாவது கெட்டுப்போனால் பின்னோக்கிப் போக உங்களுக்குத் தேவைப்படுவது அந்த ரீஸ்டோர் பாயின்ட். அதை அதே மென்பொருள் சற்றுமுன்தான் துடைத்துப் போட்டிருக்கும். ஃபோல்டரின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிக் கையால் அழிக்கச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். அனுமதி இல்லை என்று அங்கே பூட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டிஸ்க் மாற்றச் சொன்னவரிடம், எந்த ஃபோல்டர் நிறைந்திருக்கிறது என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டாமலே விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்து, ரீஸ்டோர் பாயின்ட் போனால் போட்டோக்கள் போய்விடுமா என்ற பயம். போகாது. சிஸ்டம் ரீஸ்டோர் செய்தாலும் உங்கள் ஆவணங்கள் அப்படியே இருக்கும். விண்டோஸ் ஃபைல்கள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி, நிறுவிய மென்பொருள்கள் இவைதான் பின்னுக்குப் போகும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ரீஸ்டோர் பாயின்ட் என்பது அந்த டிரைவின் நிழல் நகல், அதாவது அந்த நேரத்தில் டிரைவ் இருந்த நிலையின் பதிவு. அதனால் விஸ்டாவிலும் 7-இலும் அன்றைக்கு நீங்கள் வைத்திருந்த வேர்டு, எக்செல் ஃபைல்களின் பழைய வடிவமும் அதற்குள் தங்கியிருந்தது. விண்டோஸ் 8 முதல் சி டிரைவின் பாயின்ட்டுகள் இயல்பாக சிஸ்டத்துக்கு வேண்டியதை மட்டுமே கவனிக்கின்றன, ஆகவே உங்கள் 11-இல் பழைய வடிவம் கிடைக்கும் என்பது உறுதியில்லை. இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒரு கணக்கு ஃபைலைப் போன வாரம் தவறாகத் திருத்தி அதன் மேலேயே சேமித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். தேதியோடு பட்டியல் வந்தால் ஒன்றைத் திறந்து, வேண்டிய ஃபைலை மட்டும் வேறு இடத்துக்குக் காப்பி செய்யுங்கள். அங்கிருக்கும் ‘ரீஸ்டோர்’ பொத்தானை அழுத்தாதீர்கள், இன்றைய ஃபைல்களின் மேல் பழையது ஏறிவிடும். அப்படிப் பழைய வடிவங்கள் இருந்தால், ஸ்லைடரைக் குறைக்கும்போது நீங்கும் பாயின்ட்டுகளோடு அவையும் சேர்ந்து போகும், திரும்ப வராது. ஆகவே முதலில் இதைப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்லைடர்.

அதற்காக இதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். நகலும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. டிஸ்க் செத்தால் இரண்டும் சாகும். பணம் பறிக்கும் ரேன்சம்வேர் வகை வைரஸ்கள் பல, உள்ளே புகுந்ததும் முதல் வேலையாக இந்த நிழல் நகல்களைத்தான் அழிக்கின்றன. முக்கியமானவற்றை வெளி டிஸ்கில் வைத்துக் கழற்றி எடுத்துவிடுங்கள்.

வசதியை முழுக்க அணைக்கவும் வேண்டாம். ஒரு டிரைவர் அப்டேட் சொதப்பினால் அரை மணியில் முன்நிலைக்குத் திரும்ப வீட்டில் இருக்கும் எளிய வழி இதுதான். வரம்பைக் குறைத்த கையோடு அதே பெட்டியில் ‘கிரியேட்’ அழுத்தி, இன்றைய தேதியைப் பெயராகக் கொடுத்து ஒரு பாயின்ட் போட்டுவையுங்கள். அதையே நம்பி மாதக்கணக்கில் இருக்காதீர்கள். 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு ஒரு பாயின்ட்டை 60 நாள் வரைதான் வைத்திருக்கிறது. ஏதாவது புதிதாக நிறுவும் முன் இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்.