கொரிய கிராமங்களின் நீல, ஆரஞ்சுக் கூரைகள்: திசை நிறங்களா?

கொரிய கிராமப் படம் ஒன்றைக் காட்டி, அதிலுள்ள கூரை நிறங்கள் திசைகளைக் குறிக்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, உங்கள் படத்திலுள்ள நீல, ஆரஞ்சுக் கூரைகள் பெரும்பாலும் திசைகளைக் குறிப்பவை அல்ல. ஓபாங்செக் என்ற கொரியாவின் ஐந்து திசை நிற மரபில் கிழக்குக்கு நீலம், தெற்குக்குச் சிவப்பு, மேற்குக்கு வெள்ளை, வடக்குக்குக் கறுப்பு, நடுவுக்கு மஞ்சள். ஆரஞ்சுக்கு அதில் இடமே இல்லை.

காரணம் அநேகமாக செமாவுல் என்ற கிராமங்களை நவீனமாக்கும் இயக்கம். 1970-ல் அப்போதைய தென்கொரிய அதிபர் பார்க் சுங் ஹீ தொடங்கியது. வைக்கோல் கூரையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் அட்டை போட்டார்கள்; சாம்பல் நிற அட்டைமேல் நீலம், ஆரஞ்சு, பச்சை என்று பளிச்சென்று பெயின்ட் அடித்தார்கள். 'எங்கள் ஊரும் புதுசாகிவிட்டது' என்பதுதான் அந்த நிறங்களின் அர்த்தம் என்பேன். அது ஒன்றும் சின்ன அர்த்தமில்லை.

படத்தைப் பெரிதாக்கி இறவாரத்தைப் பாருங்கள். அலையலையான அட்டையோ தகரமோ தெரிந்தால் இதே கதைதான். அடியிலுள்ள மரச்சட்டங்களில் தாமரையும் கொடியும் வண்ணத்தில் இருந்தால் அது தாஞ்சோங் என்ற மரபு வண்ண வேலைப்பாடு, கோயிலுக்கும் அரண்மனைக்கும் உரியது. அங்கே திசை நிறங்களைத் தாராளமாகப் பேசலாம்.

ஆனால் ஊர் முழுக்க ஊதாக் கூரை என்றால் தென்கொரியாவின் சினான் வட்டாரத்து பான்வோல், பாக்ஜி தீவுகளாக இருக்கலாம். அது சுற்றுலாவுக்காக அண்மையில் திட்டமிட்டு அடித்த நிறம். மரபுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.