சர்க்கரை ஒட்டும் நொதிகள்: வரிசையைப் பார்ப்பதா, வடிவத்தைப் பார்ப்பதா?

ஒரு மூலக்கூறிலிருந்து சர்க்கரையை எடுத்து இன்னொன்றில் ஒட்டும் நொதிகள்தான் கிளைக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ் (சுருக்கமாக ஜிடி). நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்டவை, என் பதில்களோடு.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ரெண்டு நொதியை, வரிசையை ஒப்பிடுற பிளாஸ்ட் மென்பொருள்ல போட்டேன். 14 சதவீதம்தான் ஒத்துப்போகுது. சொந்தமில்லைன்னு எழுதிரலாமா?

எழுதிராதீங்க தம்பி. 25 சதவீதத்துக்குக் கீழே போனா வரிசையோட (அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து அடுக்கியிருக்கிற ஒழுங்கு) சாட்சி தடுமாறும். நம்ம ஊர்ப் பழைய வீடுகளைப் பாருங்க: ஒண்ணு செங்கல், ஒண்ணு கருங்கல், திண்ணை, பட்டாசாலை, அடுக்களை மட்டும் அதே ஒழுங்குல இருக்கும். பாக்டீரியாவைத் தாக்குற டி4 ஃபேஜ்ங்கிற வைரஸோட சர்க்கரை ஒட்டுற நொதியின் வடிவம் 1994-ல் வந்துச்சு. அதை, கிளைக்கோஜனை உடைக்கிற கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ் நொதி மேல பொருத்திப் பார்த்தா உள்கட்டு ஒத்துப்போச்சு; வரிசையில சொல்லிக்கிற மாதிரி ஒற்றுமை இல்ல. வரிசையை வெச்சுக் குடும்பம் பிரிக்கிற கேஸி பட்டியல்ல முன்னது ஜிடி63, பின்னது ஜிடி35. மடிப்பு, அதாவது புரதச் சங்கிலி மடிஞ்சு எடுக்கிற வடிவம், ரெண்டுக்குமே ஜிடி-பி வகை. அதுக்காக, மடிப்பு ஒண்ணுன்னா மூதாதையும் ஒண்ணுன்னு தீர்ப்பு எழுதிராதீங்க. ஜிடி-பிக்குள்ள இருக்கிற இந்த ரோஸ்மன் வகை மடிப்பு வேற எத்தனையோ புரதத்துலயும் உண்டு.

பாளையங்கோட்டை, நர்சிங் மாணவி: ரத்த வகைக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?

எனக்குப் பிடிச்ச கேள்விம்மா. ஏ வகை நொதி, பி வகை நொதி ரெண்டுக்கும் 354 அமினோ அமிலம். மாறுறது நாலே இடம்: 176, 235, 266, 268. ஏ நொதி என்-அசிட்டைல்கேலக்டோசமீனை ஒட்டும். பி நொதி வெறும் கேலக்டோஸை. 266-ல ஏ-வுக்கு லூசின், பி-க்கு மெத்தியோனின். மெத்தியோனின் உடம்பை நீட்டி உட்கார்ந்துக்கும். அசிட்டைல் வால் நுழைய இடமிருக்காது. பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல ஒருத்தர் பையை வெச்ச கதைதான். ஓ வகையில பெரும்பாலும் மரபணுவுல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அதுக்கப்புறம் வாசிப்பே தடம் புரண்டு, நொதி பாதியிலயே நின்னுரும். இங்க வடிவத்தை மட்டும் ஒப்பிட்டா ஏ, பி ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும், வரிசைதான் காட்டிக்கொடுக்கும்.

தென்காசி: வரிசையில டி-எக்ஸ்-டி (ரெண்டு அஸ்பார்டிக் அமிலம், நடுவுல ஏதாவது ஒண்ணு) இருந்தா சர்க்கரை ஒட்டுற நொதின்னு முடிவு பண்ணலாமா?

கூடாது. மூணு எழுத்து எங்க வேணும்னாலும் தற்செயலா வரும். ஜிடி-ஏங்கிற இன்னொரு மடிப்புல, மாங்கனீஸைப் பிடிக்கிற இடத்துல இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. ஜிடி-பி நொதிகளுக்குப் பொதுவா அந்த உலோகமே தேவைப்படாது.

வள்ளியூர்: அல்வா கிண்டுறப்பவும் இந்த நொதி வேலை செய்யுமா?

கோதுமையில மாவுச்சத்தை வெட்டுற அமிலேஸ் உண்டு. அது வெட்டுற ஜாதி, ஒட்டுற ஜாதி இல்ல. அடுப்புல ஏறினா அதுவும் காலி.

சங்கரன்கோவில்: ஆல்ஃபாஃபோல்ட் (புரத வடிவத்தைக் கணிக்கிற மென்பொருள்) தந்த மாதிரியும், சோதனையில கிடைச்ச படிக வடிவமும் ஒரே நொதிதான். ஆனா ரெண்டு வடிவமும் எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டுற ஆர்எம்எஸ்டி எண் ரொம்ப அதிகமா வருது. எங்க தப்பு?

உங்க நொதி ஜிடி-பியா இருந்தா தப்பு இல்லாமலே இருக்கலாம். அதுல ரெண்டு பாதி, நடுவுல பள்ளம். சர்க்கரை வந்து உட்கார்ந்தா பாதிகள் நெருங்கும். ஒண்ணு திறந்த நிலை, ஒண்ணு மூடிய நிலைன்னா எண் ஏறத்தான் செய்யும். முன்பாதியைத் தனியா, பின்பாதியைத் தனியா பொருத்துங்க. ஆல்ஃபாஃபோல்ட் தர்ற நம்பிக்கை மதிப்பெண் 50-க்குக் கீழ இருக்கிற வால்களை முதல்ல வெட்டிருங்க. அப்பவும் எண் இறங்கலைன்னா ரெண்டு கோப்பையும் எனக்கு அனுப்புங்க.