போலி உலகத்துக்குள் போனவர்கள் எப்படி வெளியே வருகிறார்கள்?

கேள்வி இது: அறிவியல் புனைகதைகளில் இயந்திரம் உண்டாக்கிய உலகத்துக்குள் ஆட்கள் எப்படிப் போகிறார்கள், எப்படித் திரும்புகிறார்கள், எந்த வழி நம்பும்படி இருக்கிறது?

உள்ளே போவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எந்தக் காலத்தில் எந்தச் சாதனம் புதிதோ, அதை வைத்து ஆளை அனுப்பிவிடுவார்கள். பேசும் படங்கள் புதிதாக இருந்த 1935இல் ஸ்டான்லி வைன்பாம் 'பிக்மேலியன்ஸ் ஸ்பெக்டக்கிள்ஸ்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் படம் நம்மைச் சுற்றி நடக்கும். வாசனை, ருசி, தொடுகை எல்லாம் உண்டு. 1982இல் வந்த 'ட்ரான்' படத்தில் லேசர் கதிர் ஆளைத் துணுக்கு துணுக்காக்கிக் கணினிக்குள் ஏற்றுகிறது. 1999இல் 'மேட்ரிக்ஸ்', பிடரியில் ஒரு துளை, அதில் ஒரு கம்பி. அவ்வளவுதான்.

திரும்பி வருவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அது சினிமா பார்த்து வந்தது இல்லை, கூத்து பார்த்து வந்தது.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ராத்திரியெல்லாம் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் விழும் படுகளம். மண்ணில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு பெரிதாகத் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். என் மாமா துரியோதனன் வேஷம் கட்டுவார். ராத்திரி அவர் உள்ளே போவது எப்படி என்றால், இரண்டு பேர் பிடித்த ஒரு பழைய வேட்டித் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார், சலங்கை மட்டும் கேட்கும், திரை விலகும்போது மாமா இருக்க மாட்டார். காலையில் பீமன் தொடையில் அடித்ததும் அந்த மண் உடம்பின் மேல் விழுவார். ஒரு வருஷம் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் வேஷக்காரர் காதருகே குனிந்து, "பங்காளி, மாட்டுக்கு இன்னும் தண்ணி காட்டல, எழுந்திரு" என்றார். மாமா கண் திறந்தார். துரியோதனனுக்கு மாடு கிடையாது இல்லையா?

அன்றிலிருந்து எந்தக் கதையிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: வெளியே இருந்து கூப்பிட ஆள் இருக்கிறதா? 'மேட்ரிக்ஸ்' என்னைக் கவர்ந்ததும் அதனால்தான். அதில் செல்போனில் பேசலாம், ஆனால் செல்போன் வழியாகத் தப்பிக்க முடியாது. கம்பி வைத்த போன் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். வெளியே, நிஜ உலகத்தில், கப்பலில் உட்கார்ந்திருப்பவர் அந்த எண்ணுக்கு அடிப்பார், எடுத்து காதில் வைத்தால் உடம்புக்குத் திரும்பலாம். நாங்கள் தமிழ் டப்பிங்கில் பார்த்த காலத்தில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எஸ்டிடி பூத்துகள் இருந்தன, அதனால் விஷயம் சட்டென்று புரிந்தது. (இப்போது மாட்டினால் பூத்துக்கு எங்கே போவது?) சுரங்க ரயில் நிலையத்தில் நாயகி டிரினிட்டி போய்விடுகிறாள்; நாயகன் நியோ எடுப்பதற்குள், இயந்திரங்களின் ஆளான ஏஜென்ட் ஸ்மித் ரிசீவரைச் சுட்டு உடைக்கிறான். ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்ததற்குத் தியேட்டரே பதறும். அதே படத்தில் வெளியே இருக்கும் ஆள் துரோகி ஆனால் என்ன ஆகும் என்பதையும் காட்டிவிட்டார்கள்: கூட்டாளியான சைஃபர் கம்பியைப் பிடுங்குகிறான், உள்ளே நின்றபடியே ஆட்கள் செத்து விழுகிறார்கள்.

'இன்செப்ஷன்' 2010. கனவுக்குள் கனவு. மயக்க மருந்து பலமாக இருப்பதால் உள்ளே செத்தாலும் எழ முடியாது, இன்னும் ஆழத்தில் போய் விழ வேண்டியதுதான். ஆகவே கீழே இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் ஒருவர் தங்கிவிடுகிறார், மற்றவர்களைத் தூக்கிவாரிப் போட்டு எழுப்ப. ஒருவர் வேனைப் பாலத்திலிருந்து கவிழ்க்கிறார், ஒருவர் தூங்குகிறவர்களை லிஃப்ட்டில் அடுக்கி வெடிவைக்கிறார். பலரும், கனவா நனவா என்று சோதிக்க நாயகன் சுற்றிவிடும் அந்தப் பம்பரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வேன் ஓட்டுகிறவரைத்தான் பிடிக்கும்.

இதற்கு நேர் எதிர், 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ஹாலோடெக், அதாவது விண்கப்பலுக்குள் கேட்ட உலகத்தை உண்டாக்கிக் காட்டும் அறை. உள்ளே இருப்பவரே வாயால் சொன்னால் கதவு வந்துவிடும். சௌகரியம்தான், ஆனால் அந்தக் கதவையும் அதே இயந்திரம்தானே வரைகிறது? 1993இல் வந்த 'ஷிப் இன் எ பாட்டில்' என்ற பகுதியில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். வெளியே வந்துவிட்டதாக நினைத்துக் கப்பலை நடத்துகிறார்கள், உண்மையில் இன்னும் உள்ளேதான். கண்டுபிடிப்பது டேட்டா என்ற மனித உருவ இயந்திரம். கூட வேலை செய்கிற ஜோர்டி வழக்கமான கையை விட்டு மற்ற கையால் வேலை செய்வதை அது கவனிக்கிறது. இவ்வளவு சின்ன விஷயத்தில் பெரிய ஏமாற்று அவிழ்வது எனக்கு ரொம்பப் பிடித்தது.

'ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன்' என்ற ஜப்பானியக் கதை இன்னொரு கொடுமை. 10,000 பேர் விளையாட்டுக்குள் மாட்டுகிறார்கள், வெளியேறும் பொத்தானே இல்லை. விளையாட மாட்டிக்கொண்ட தலைக்கவசத்தை வீட்டார் கழற்றினால் அது மூளையைச் சுட்டுவிடும். கூப்பிட ஆள் பக்கத்திலேயே இருந்தும் தொடக் கூடாது.

நம்மிடம் இந்த விஷயம் புதிதில்லை. ஞானவாசிட்டம் என்ற பழைய வேதாந்தக் கதை நூலில் இலவணன் என்று ஒரு ராஜா. ஒரு மாயக்காரன் மயிற்பீலியை அசைக்கிறான், ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே காட்டில் பல வருஷம் வாழ்ந்து, குடும்பம் நடத்தி, பஞ்சத்தில் தீயில் விழுகிறான். விழித்தால் அரண்மனை. விழித்தும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. மறுநாள் தேடிப் போனால் அந்தக் காடும் அந்த ஜனங்களும் அங்கேயே இருக்கிறார்கள்! எந்தப் படத்திலும் எனக்கு இவ்வளவு குளிர் எடுத்ததில்லை.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அவரோடு பால் சொசைட்டிக்குப் போனேன். தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் காதுக்குப் பின்னால் சிவப்பு அரிதாரம் போகவில்லை. அளக்கிறவர் சிரித்துக்கொண்டே, "மகாராஜா, எத்தனை லிட்டர்?" என்றார்.

"நாலரை" என்று மாமா உடனே சொன்னார். ஆனால் அந்தக் குரல் கூத்துக் குரல்.