தூண்டில் கம்பு யார் கையில்? நிதிப் போட்டிக் கேள்வி பதில்

பினாங்கில் நல்ல காரியத்துக்கு நிதி திரட்டும் தூண்டில் போட்டிகளுக்காகப் படகு ஓட்டப் போகும் தெக்கோங்குகளும், சொந்தப் படகைத் தரும் நண்பர்களும், ஏற்பாட்டுக் குழுவினரும் அனுப்பிய கேள்விகள் இவை. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

போட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைக்க வேண்டும். எந்த ஞாயிறு? (செபராங் ஜெயா)

மண்டபம் என்றைக்குக் கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமி முடிந்த இரண்டு மூன்று நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் நீர் கலங்கி இழுத்துக்கொண்டு ஓடும். பத்து அவுன்ஸ் ஈயக்குண்டுகூடத் தரையில் நிற்காது. பழகியவர்கள் சமாளிப்பார்கள். முதல் தடவை கம்பு பிடிப்பவருக்கோ தூண்டில் நரம்பின் சிக்கை அவிழ்ப்பதிலேயே பொழுது போய்விடும். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் நிதிப் போட்டிக்கு அந்த நாள்கள்தான் தோது. அப்போது ஓத வித்தியாசம் பாதிகூடத் தேறாது. மீன் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. வந்தவர்கள் நிம்மதியாகத் தூண்டில் போடுவார்கள்.

வெயிலில் லைஃப் ஜாக்கெட் புழுங்குகிறது. பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதாதா? (பட்டர்வொர்த்)

போதாது. ஜெட்டியிலேயே மாட்டி, கொக்கியைப் பூட்டிய பிறகுதான் படகின் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

நல்ல இரை எது, எந்த நரம்பு வாங்கலாம்? (ஊர் பெயர் இல்லை)

ஊரையும் எழுதவில்லை, எந்த மீனுக்கு என்றும் எழுதவில்லை, கரையிலிருந்தா படகிலிருந்தா என்றும் சொல்லவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உருப்படியான பதில் சொல்ல முடியாது. இருந்தாலும் படகில் வரும் புதியவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறேன்: உயிர் இறால், பி.ஈ. 2 கனமுள்ள பின்னல் நரம்பு, அதன் நுனியில் முள்ளுக்கு முன் கட்டும் முப்பது நாற்பது பவுண்டு லீடர் நரம்பு, நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள். இறாலைத் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் குத்துங்கள். அந்தப் புள்ளியில் முள் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அடுத்த முறை எழுதும்போது விவரத்தோடு எழுதுங்கள்.

நான் தெக்கோங். என் படகில் வரும் விருந்தினர்களுக்கு மீன் கடிப்பதே தெரிவதில்லை. நானே கம்பை வெடுக்கென்று வெட்டி இழுத்து, முள் ஏறியதும் கம்பை அவர்கள் கையில் கொடுக்கிறேன். படகுக்குப் பரிசும் வருகிறது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. இதில் என்ன தவறு? (பத்து மாவுங்)

தவறுதான், தம்பி. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் விதி. தூண்டில் மீன்பிடிப்பின் உலக சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு, மீன் கடித்த நொடியிலிருந்து கரையேறும் வரை வேறு யாரும் கம்பையோ ரீலையோ நரம்பையோ தொடக்கூடாது என்கிறது. லீடர் கைக்கு எட்டியதும் அதைப் பிடிப்பதும், வலையில் ஏந்துவதும்தான் உதவியாளர் செய்யலாம். பெரும்பாலான போட்டிகள் இதைத்தான் பின்பற்றுகின்றன. உங்கள் போட்டியின் தாளில் எழுதாமல் விட்டிருந்தால் குழுவிடம் சொல்லி எழுத வையுங்கள்.

விதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த விருந்தினர் முந்நூறோ ஐந்நூறோ வெள்ளி கொடுத்து, ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி உங்கள் படகில் ஏறியிருக்கிறார். நரம்பு வழியாக விரல் நுனிக்கு வரும் அந்த முதல் துடிப்புதான் அவருக்குக் கிடைக்க வேண்டியது. அதை நீங்கள் எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் சுற்றுகிற வேலையை மட்டும் அவரிடம் தருகிறீர்கள். ஒரு போட்டியில் பத்து வயது இருக்கும் ஒரு பையனின் கையிலிருந்து தெக்கோங் கம்பைப் பிடுங்கியதைப் பார்த்தேன். நல்ல ஜெனாஹாக் மீன், மேடையில் படமும் எடுத்தார்கள். “அங்கிள்தான் பிடிச்சாரு” என்று பையன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் பையனுக்காகத்தானே அந்தப் போட்டியே நடந்தது!

மீன் தவறிப்போகுமே என்பீர்கள். போகட்டும். ஆனால் நீங்கள் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் போகாது. ஜெட்டியில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தலை நரம்பில் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். கம்பை உயர்த்துவதும் இறக்கிக்கொண்டே சுற்றுவதும் அதிலேயே பழகிவிடும். ரீல் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்குக்கு நீங்களே வைத்துக் கொடுங்கள். இருபது பவுண்டு நரம்பென்றால் ஐந்து பவுண்டு. முக்கியமாக, வட்ட முள்ளைக் கட்டுங்கள். அதில் வெட்டி இழுக்கவே கூடாது. கம்பு வளையும் வரை பொறுத்து, மெதுவாகச் சுற்றினால் முள் தானாக வாயோரத்தில் ஏறும். புதியவரின் தயக்கமே அங்கே அவருக்கு உதவி. கடிப்பது தெரியாத விருந்தினருக்கென்றே செய்ததுபோல் ஒரு முள் இருக்க, நீங்கள் ஏன் கம்பைப் பிடுங்க வேண்டும்?

பரிசு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2022-இல் அமெரிக்காவின் ஈரி ஏரியில் நடந்த போட்டியில், மீன் வயிற்றில் ஈயக்குண்டு திணித்த இருவர் எடைபோடும் இடத்திலேயே பிடிபட்டு, அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் செய்வதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் அடுத்தவர் மீனைத் தன் மீனாகக் காட்டும் பழக்கம் இப்படித்தான் தொடங்குகிறது. குழுவினருக்கும் சொல்கிறேன்: பெரிய பரிசை எடைக்குக் கொடுக்காமல் குலுக்கலுக்குக் கொடுங்கள். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

ஜூன் மாதம் காலை 6 மணிக்குக் கிளம்பலாமா? (தஞ்சோங் பூங்கா)

ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்திரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியலை ஒட்டித்தான் அடிக்கும். ஒரு மணி இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும், ஆனால் சின்னப் படகைக் கவிழ்க்க அது போதும். தீவின் கிழக்குப் பக்கம் நிற்பவர்களுக்கு எண்ணூறு மீட்டர் உயரப் பினாங்கு மலை மேற்கு வானத்தை மறைத்துவிடும்; இருட்டு தலைக்கு மேல் வந்த பிறகுதான் தெரியும். அதனால் முதல் நாள் இரவும் கிளம்பும் முன்னும் வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பாஹாங் பக்கம் ஒருவரை நிறுத்தி அவர் மேற்கே பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது. திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் கம்புகளைப் படுக்க வைத்துவிட்டுத் திரும்புங்கள். கார்பன் கம்பு மின்னலை இழுக்கும். ஜாக்கெட் எல்லார் உடம்பிலும் இருக்கட்டும்.

பாலத் தூணில் படகைக் கட்டித் தூண்டில் போடலாமா? அங்கேதான் கெராப்பு மீன் இருக்கிறதாம். (கெலுகோர்)

கட்டாதீர்கள். 1985-இல் திறந்த பாலமாக இருந்தாலும் 2014-இல் திறந்ததாக இருந்தாலும் தூணைச் சுற்றி நீர் சுழலும். ஓதம் திரும்பும்போது படகு தூணில் மோதும், தூணில் ஒட்டியிருக்கும் சிப்பி கயிற்றை அறுக்கும். புதியவர்களை வைத்துக்கொண்டு கப்பல் போகும் பாதைப் பக்கமும் போகாதீர்கள்.

செம்பிலாங் கெளுத்தி மீனின் முள் குத்தினால் ஐஸ் வைக்கலாமா? (நிபோங் திபால்)

ஐஸ் வேண்டாம், சுடுநீர். அந்த விஷம் சூட்டில் சிதையும். தாங்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரிக்குள், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதியுங்கள். வலியில் இருக்கும் கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். திருக்கைக்கும் இதேதான். முள் உடைந்து உள்ளே தங்கினாலோ மூச்சு முட்டினாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள். படகில் ஒரு பிளாஸ்க் சுடுநீரும் நீள மூக்குக் குறடும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பெரிய சியாகாப் (கொடுவா) கிடைத்தால் எடைபோட்டு ஏலம் விடலாமே? நிதியும் சேரும். (ஜெலுத்தோங்)

அளந்து படம் எடுத்துவிட்டுக் கடலில் விட்டுவிடுங்கள். சியாகாப் ஆணாகத் தொடங்கி, எண்பது தொண்ணூறு சென்டிமீட்டரை நெருங்கும்போது பெண்ணாக மாறும் மீன். நீங்கள் ஏலம் விட நினைக்கும் பெரியது பெரும்பாலும் முட்டையிடும் தாய். ஈரத் துணியில் கிடத்தி, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள். தாடையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். ஏலத்துக்கு அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுங்கள், வாங்குவார்கள்.

நுழைவுக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டா? (ஜார்ஜ்டவுன்)

வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் உள்ள நிறுவனத்தின் ரசீது இல்லாமல் எதுவும் இல்லை. ரசீது இருந்தாலும், சாப்பாடும் சட்டையும் பரிசும் கிடைக்கும் கட்டணம் தானம் ஆகிவிடாது. தானத்தைத் தனியாகக் கொடுத்துத் தனி ரசீது கேளுங்கள்.

என் படகில் சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண்ணை ஏற்றிக்கொள்ள ஆசை. என்ன கவனிக்க வேண்டும்? (தெலுக் கும்பார்)

நல்ல மனசு, ஐயா. ஏறுவதும் இறங்குவதும் எந்த நேரம் என்று முதலில் பாருங்கள். வற்றத்தில் படகு ஜெட்டிக்கு ஆளுயரம் கீழே போய்விடும். இரண்டுமே நீர் ஏறியிருக்கும் நேரத்தில் அமையட்டும், அல்லது மிதக்கும் ஜெட்டி உள்ள இடத்திலிருந்து கிளம்புங்கள். எப்படித் தூக்க வேண்டும், எங்கே பிடிக்கக்கூடாது என்று அவரிடமே கேளுங்கள். அது அவருக்குத்தான் தெரியும். நாற்காலியைக் கரையில் விட்டுவிட்டு, முதுகுச் சாய்வுள்ள நிலையான இருக்கையில் உட்கார வையுங்கள். இருக்கையோடு அவரைக் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அதுவே ஆபத்து. ஜாக்கெட்டை ஒரு நாள் முன்பே போட்டுப் பாருங்கள், உட்கார்ந்த நிலையில் அது மோவாய் வரை ஏறக்கூடாது. கம்பைத் தாங்க இடுப்புப் பட்டை ஒன்று வாங்குங்கள். அப்புறம், கம்பு அவர் கையிலேயே இருக்கட்டும்.