அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: சாம்பியன் யார் என்று யார் சொல்வது? கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் எல்லாம் என்சிஏஏ என்ற அமைப்பின் கையில்தானே? அவர்களுடைய சாம்பியன் பட்டியலைப் பார்த்தால் வேலை முடிந்தது. இதில் என்ன சண்டை?

பதில்: கூடைப்பந்துக்கு அப்படி முடியும். ஃபுட்பாலின் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) மேல் பிரிவுக்கு என்சிஏஏ இன்றுவரை பட்டமே கொடுத்ததில்லை. எந்த ஆண்டு யார் யாரை முதலிடத்தில் வைத்தார்கள் என்று பதிவேட்டில் எழுதி வைப்பதோடு சரி. 1936இலிருந்து ஏபி செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாக்கு வாங்கி வரிசை போடுகிறது. 1950இலிருந்து கோச்சுகளுக்குத் தனி வாக்கெடுப்பு. இரண்டும் ஒத்துப்போகாத வருடம் இரண்டு சாம்பியன்கள். 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் தோல்வியே இல்லாமல் முடித்தன, இரண்டும் மோதவே இல்லை, ஆளுக்கொரு பட்டம்.

கேள்வி: எல்லா அணிகளும் எல்லாரோடும் ஆடிப் புள்ளிப் பட்டியல் போட்டால் தீராதா?

பதில்: 130க்கு மேற்பட்ட அணிகள். ஒரு அணிக்குப் பன்னிரண்டு ஆட்டம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் உடம்பு தாங்காது. தீராது.

கேள்வி: பட்டம் வாங்கிய பிறகு தோற்ற அணி உண்டாமே?

பதில்: உண்டு. முன்பெல்லாம் பருவம் முடிந்து ஜனவரி வாக்கில் நடக்கும் பௌல் எனும் அழைப்பு ஆட்டங்களைக் காட்சி ஆட்டம் போலத்தான் நினைத்தார்கள். அதற்கு முன்பே கடைசி வாக்கெடுப்பு முடிந்துவிடும். 1964இல் அலபாமாவுக்கு ஏபி பட்டம் கிடைத்தது, ஆரஞ்சு பௌலில் டெக்சாஸிடம் 21-17 என்று தோற்றது. 1973இல் கோச்சுகள் மறுபடி அலபாமாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சுகர் பௌலில் நோட்டர் டேம் 24-23 என்று கவிழ்த்தது. அடுத்த ஆண்டிலிருந்து கோச்சுகளும் பௌல் முடிந்த பிறகே வாக்களித்தார்கள். சூடு பட்டால்தானே புத்தி!

கேள்வி: அலபாமா 18 பட்டம் என்று சொல்லிக்கொள்கிறது. ஏபி கணக்கில் 12தான். எது சரி?

பதில்: நான் 12 என்றுதான் சொல்வேன். அந்தப் 18இல் 1941 இருக்கிறது பாருங்கள், அதை நினைத்தாலே சிரிப்பு வரும். இரண்டு ஆட்டம் தோற்று, ஏபி வரிசையில் 20ஆம் இடத்தில் முடித்த அணி. ஹூல்கேட் என்ற ஒரு கணக்கு முறை முதலிடம் தந்ததாம், அதை வைத்து ஒரு பட்டம். அலபாமாவை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பிரின்ஸ்டன் 28 என்கிறது. இரண்டே கல்லூரிகள் பந்தைத் தொட்ட 1869ஆம் ஆண்டின் பட்டமும் அதில் அடக்கம்.

யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்) விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பரிவு உண்டு. 2017இல் 13 ஆட்டமும் வென்றார்கள். அவர்கள் கடைசியில் வீழ்த்திய ஆபர்ன், அந்தப் பருவத்தில் அலபாமா, ஜார்ஜியா இரண்டையுமே ஒருமுறை வென்ற அணி. ஆனால் தேர்வுக் குழு பொறுக்கிய நான்கு அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃபில் இறுதி ஆட்டம் ஆடியது அலபாமாவும் ஜார்ஜியாவும்! யூசிஎஃப் தானே சாம்பியன் என்று அறிவித்து ஊர்வலமும் போனது. கோலி என்ற கணினி வரிசை அவர்களைத்தான் முதலிடத்தில் வைத்தது.

கேள்வி: 2023இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, ஒரு தோல்வியும் இல்லை. அப்படியும் நான்கு அணி பிளேஆஃபில் இடமில்லை. இது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) காயப்பட்டதால் அணி பழைய அணி இல்லை என்று தேர்வுக் குழு காரணம் சொன்னது. அப்புறம் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று உதை வாங்கியதைக் காட்டி, "குழு சொன்னது சரிதானே" என்பார்கள். அந்த ஆட்டத்துக்கு முன்பே ஃப்ளோரிடா ஸ்டேட்டின் பல வீரர்கள் விலகிவிட்டார்கள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிளேஆஃப் வந்தும் மாறாத விஷயம் இதுதான்: உள்ளே போனவன் ஆடி ஜெயிக்கலாம், உள்ளே விடுவது யாரோ சிலரின் அபிப்பிராயம்.

கேள்வி: 2024இலிருந்து 12 அணிகள் ஆயிற்றே. இப்போது சரியாகிவிட்டதா?

பதில்: ஐந்தாவது அணியின் அழுகை பதின்மூன்றாவது அணிக்கு மாறியிருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த முதல் வருடத்தில் ஒஹையோ ஸ்டேட் எட்டாம் இடத்திலிருந்து வந்து, அதுவரை தோற்காத ஆரெகனை 41-21 என்று அடித்து, இறுதியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்றது. பழைய முறையில் இரண்டு தோல்வியோடு கதவுப் பக்கமே வந்திருக்காது.

கேள்வி: உங்கள் கணக்கில் முதல் ஐந்து அணிகள்?

பதில்: கோச் மாறியும் ஜெயிக்கிறதா என்பதுதான் என் உரைகல். அலபாமா: பிரையன்ட் போய் ஸ்டாலிங்ஸ், அப்புறம் சேபன். ஒஹையோ ஸ்டேட்: ஹேஸ், ட்ரெசல், மேயர், டே. இவை இரண்டுக்கும் பிறகு ஓக்லஹோமா. நோட்டர் டேமை நான்காவதாக வைத்தால் சிலர் அடிக்க வருவார்கள். கடைசிப் பட்டம் 1988 என்பதை மறக்க வேண்டாம். ஐந்தாவது யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்), அரைமனதோடு.

கேள்வி: மகன் இந்த வருடம் மிச்சிகனில் சேர்ந்திருக்கிறான். எனக்கு ஆட்டமே புரியாது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊருக்குப் போகும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: நவம்பர் கடைசி சனிக்கிழமை ஒஹையோ ஸ்டேட்டோடு ஆட்டம். சொந்த ஊரில் ஆட்டம் என்றால் அரங்கில் லட்சம் பேருக்கு மேல் இருப்பார்கள். சிவப்புச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அது எதிரணியின் நிறம்.