வசந்த கால விழாக்களும் மே மாத கிரெடிட் கார்டு பில்லும்

கேள்வி: எங்களுக்கு ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பிப்ரவரியில் ஆரம்பித்தால் மே வரை ஏதாவது ஒரு கொண்டாட்டம் வந்துகொண்டே இருக்கிறது. பான்கேக் நாள், கணிதத்தில் வரும் பை (π, ஏறத்தாழ 3.14) எண்ணுக்கான பை நாள், பாரசீகப் புத்தாண்டான நவ்ரூஸ், ஈஸ்டர், பூமி நாள், அன்னையர் நாள் என்று வகுப்புத் தோழர்கள் கொண்டாடுவதையெல்லாம் இவர்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் சின்னச் செலவுதான். ஆனால் மே மாத பில் வரும்போது துண்டு விழுகிறது. போன முறை குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிச் சமாளித்தோம். பிள்ளைகளின் ஆசையை வெட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த ஆசையை வெட்ட வேண்டாம். ஆறிலும் பத்திலும் இருக்கும் பிள்ளைகள் உங்களோடு அடுக்களையில் நிற்க ஆசைப்படும் வருடங்கள் இவை. வெட்ட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் கார்டு பாக்கி. பெரும்பாலான கார்டுகளில் முழுத் தொகையைக் கட்டாவிட்டால் வட்டியில்லாத அவகாசம் போய்விடும். பழைய பாக்கிக்கு மட்டுமல்ல, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இன்னும் இருந்தால், அடுத்த விழாவைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை முடியுங்கள்.

அப்புறம், இந்தச் செலவு எதுவும் திடீரென்று வருவதில்லை. பை நாள் மார்ச் 14, நவ்ரூஸ் மார்ச் 20 அல்லது 21, பூமி நாள் ஏப்ரல் 22. இடம் மாறுவது ஈஸ்டர்தான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். பான்கேக் நாள் அதற்கு 47 நாள் முன்னால். 2026-இல் ஏப்ரல் 5-இல் வரும் ஈஸ்டர், 2027-இல் மார்ச் 28-க்கே வந்துவிடுகிறது. அதாவது பை நாள், நவ்ரூஸ், ஈஸ்டர் மூன்றும் பதினைந்து நாளுக்குள். அந்த ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றையும் சமாளிக்கப் பார்த்தால் கையைக் கடிக்கத்தான் செய்யும். போன வருட பில்களை எடுத்து மொத்தத்தைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, சம்பளம் வந்த மறுநாளே ஒரு தனிக் கணக்குக்குப் போகும்படி செய்துவிடுங்கள். விழாச் செலவு முழுவதும் அதிலிருந்து மட்டும்.

பில்களைக் கூட்டும்போது ஒரு பென்சிலால் இரண்டாகப் பிரியுங்கள்: சமைக்க வாங்கியது, பெட்டியில் அடைத்து வாங்கியது. நான் பார்த்த குடும்பங்களில் மாவு, முட்டை, சர்க்கரை எல்லாம் சேர்ந்தும் சின்னத் தொகைதான். பெரிய தொகை தோரணம், ரெடிமேட் செட், பொம்மை வைத்த கூடை இவற்றில் போயிருக்கும். வெட்ட வேண்டிய இடம் அதுதான்.

பழைய விழாக்கள் பலவற்றின் உணவு வீட்டில் இருப்பதை வைத்தே பிறந்தது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முட்டையும் வெண்ணெயும் அந்தக் காலத்தில் விலக்கு. நோன்பு தொடங்குமுன் மிச்சத்தைத் தீர்க்கச் சுட்டதுதான் பான்கேக். நோன்பு நாட்களிலும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடுமா என்ன? சேர்ந்துபோன முட்டைகள் ஈஸ்டர் விருந்துக்கு வந்தன. நவ்ரூஸ் மேசையில் வைக்கும் ஏழு பொருட்களில் முளைப்பச்சையும் ஆப்பிளும் பூண்டும் வினிகரும் உண்டு. அந்தப் பச்சைக்குத் தேவை ஒரு கைப்பிடி கோதுமையும் ஈரத்துணியும்தான். இரண்டு வாரம் முன்பே ஊறவைத்துத் தட்டில் பரப்பிவிட்டால், தினம் தண்ணீர் தெளிக்கும் வேலையை ஆறு வயதுப் பிள்ளை ஆசையாக ஏற்றுக்கொள்ளும்.

ஈஸ்டர் முட்டைக்கு நிறமேற்ற செட் வாங்க வேண்டாம். ஒரு மாதமாக வெங்காயச் சருகைச் சேர்த்து வையுங்கள். அதைத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சாறு நன்றாக இறங்கியதும் கொஞ்சம் வினிகர் விட்டு, முட்டைகளை அதிலேயே வேகவையுங்கள். வெள்ளை ஓடு செங்கல் நிறத்துக்கு மாறும். ஓட்டில் ஒரு சின்ன இலையை ஒட்டி, துணியால் இறுக்கிக் கட்டி வேகவைத்தால், பிரிக்கும்போது இலையின் நரம்பு வரை வெள்ளையாகப் பதிந்திருக்கும். ஆறியதும் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

பை நாளைத் தொடங்கிவைத்தவர் லேரி ஷா என்ற இயற்பியலாளர், 1988-இல், சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில். வட்டமாக எதைச் சுட்டாலும் போதும். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு நூலைக் கொடுத்துச் சுற்றளவையும் விட்டத்தையும் அளந்து, சுற்றளவை விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள்; வருவதுதான் பை. செலவு ஒரு நூல்.

சாக்லேட் மட்டும் வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கும்போது பெட்டியின் அளவைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். உள்ளே காலியாக இருக்கும் ஈஸ்டர் முட்டையில், நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால், அதே சாக்லேட்டின் சாதாரணக் கட்டியைவிட விலை பெரும்பாலும் கூடுதல். 2024-இல் கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் குறைந்து கோகோ விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனதிலிருந்து, இந்தக் கணக்கு இன்னும் அவசியமாகிவிட்டது. கட்டியை வாங்கி உருக்கி அச்சில் ஊற்றினால், பிள்ளைகளுக்கு ஒரு மாலைப் பொழுது வேலையும் ஆயிற்று.

எல்லா நாளையும் ஒரே அளவில் கொண்டாட வேண்டாம். ஜனவரியில் பிள்ளைகளை உட்காரவைத்துக் காலண்டரைக் காட்டுங்கள். ஆளுக்கு ஒரு விழாவைப் பெரிதாகச் செய்யத் தேர்ந்தெடுக்கட்டும். மற்றவற்றுக்கு ஒரு பலகாரம், அவ்வளவுதான். பெரியவளோ பெரியவனோ, பத்து வயதுப் பிள்ளை தேர்ந்தெடுத்த விழாவுக்கான பணத்தைக் கையில் கொடுத்துப் பட்டியலையும் அவர்களே எழுத விடுங்கள். மிஞ்சுவது அவர்களுக்கு என்று முன்பே சொல்லிவிடுங்கள். பணம் நடுவில் தீர்ந்துபோனால் கார்டை எடுக்காதீர்கள். பட்டியலில் எதை விடலாம் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள்.