ஹெட் கேஸ்கெட் போன கார்: செலவு செய்யலாமா, தலைமுழுகிவிடலாமா?

கேள்வி: என் காருக்கு 11 வயது, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வி வடிவ ஆறு சிலிண்டர் இன்ஜின். போன வாரம் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. வீடு பக்கம்தானே என்று இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டேன். இரண்டு ஹெட் கேஸ்கெட்டும் (இன்ஜினின் உடலான பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். தொகைகளை அப்படியே எழுதக் கூச்சமாக இருக்கிறது. நல்ல நிலையில் கார் 100 போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேருக்கு 55 கேட்கிறார். இப்படியே விற்றால் 25 கிடைக்கும். புதிய கார் 400. முன்பணம் 50 போக, ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 7.5 வரும். பாதி விலையைத் தாண்டினால் ரிப்பேரே செய்யக்கூடாது என்கிறார்கள் நண்பர்கள். போன வருடம்தான் நான்கு டயரும் ஏசி கம்ப்ரஸரும் மாற்றினேன், அதனால் மனது கேட்கவில்லை. ஒரு பக்கக் கேஸ்கெட்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கலாமா? ஏதோ திரவம் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும் என்கிறார் மைத்துனர். அதுவும் உண்மையா?

பதில்: முதலில் ஒன்று. முடிவெடுக்கும் வரை அந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். "சும்மா பட்டறை வரைக்கும்" என்றுகூட வேண்டாம், இழுத்துக்கொண்டு போகட்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலந்திருந்தால், ஓடும் ஒவ்வொரு நிமிடமும், உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கைத் தின்னும். கேஸ்கெட் வேலை இன்ஜின் வேலையாக மாறுவது அப்படித்தான்.

இப்போது நண்பர்கள் சொல்லும் பாதி விலைக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பான இரண்டு எண்களை ஒப்பிடுகிறது. உங்கள் காரை 25க்குக் கொடுத்துவிட்டு, இதே வயதில் நன்றாக ஓடும் இன்னொரு காரை 100க்கு வாங்கினால் கையிலிருந்து போவது 75. ரிப்பேர் செய்தால் போவது 55. ஆக, 55ஐ ஒப்பிட வேண்டியது 75உடன். அந்த இன்னொரு காரின் சரித்திரமும் உங்களுக்குத் தெரியாது. அது எத்தனை முறை சூடேறியதோ!

புதிய காரோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. முதல் வருடம் 15 சதவீதம்தான் மதிப்பு குறையும் என்று குறைத்தே போடுவோம்: 60. முதல் வருட வட்டி ஏறக்குறைய 33. சேர்ந்து 93. உங்கள் பழைய கார் ரிப்பேருக்குப் பின் ஒரே ஒரு வருடம் ஓடி, மறுபடி இதே 25க்குப் போனால்கூட, நஷ்டம் 55தான். மூன்று வருடம் ஓடிவிட்டால் பேச்சே இல்லை. புதிய கார் வேண்டும் என்று ஆசையிருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் பழியைக் கேஸ்கெட்டின் மேல் போடாதீர்கள்.

டயர், ஏசி செலவு போனது போனதுதான், அதற்காகக் காரை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அடுத்த சில வருடங்களுக்கு அந்தச் செலவு மறுபடி வராது என்பது மட்டும் கணக்கில் சேரும்.

அப்படியென்றால் நாளைக்கே "சரி, செய்துவிடுங்கள்" என்று சொல்லலாமா? கூடாது. அந்த 55 இப்போதைக்கு ஒரு யூகம். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று மெக்கானிக்குக்கும் தெரியாது. எனவே வேலையை மூன்று கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கொடுங்கள்.

முதல் கட்டம் சோதனை. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அடியில் பால் விட்ட காப்பி நிறத்தில் கூழாக ஒட்டியிருந்தால் சகுனம் சரியில்லை. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் சேர்ந்தும் கொஞ்சம் இப்படி ஆகும், அதனால் ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்க்க வேண்டும். அப்புறம் கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட், சிலிண்டர்களில் அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கக் கம்ப்ரஷன் டெஸ்ட் அல்லது லீக்-டவுன் டெஸ்ட். எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். இதற்காக இன்ஜினை ஓட்ட வேண்டியிருந்தால், டிப்ஸ்டிக் சுத்தமாக இருப்பதைப் பார்த்த பிறகு, கொஞ்ச நேரம் மட்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு மொத்த ரிப்பேரில் சின்னத் துண்டு. வெறும் ஹோஸ் ஓட்டையும் மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) தான் என்று முடிந்த கதைகளும் உண்டு.

இரண்டாம் கட்டம் ஹெட்டைக் கழற்றி அளப்பது. இந்த இடத்தில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். துடைத்த ஹெட்டின் மேல் நேரான ஸ்டீல் பட்டையைக் குறுக்காக வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. கோணலே எல்லை, சிலவற்றில் 0.1 வரை விடுவார்கள். தலைமுடிக் கனம்தான். அலுமினிய ஹெட் சூட்டில் வளைவது சாதாரணம். வளைவு அளவாக இருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸிங் பண்ணலாம், அதாவது முகத்தைச் சமமாகச் சீவலாம். விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் போட்டும் பார்க்க வேண்டும். பிளாக்கின் மேல்முகத்தையும் அளக்கச் சொல்லுங்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு ஆபத்தும் உண்டு. பிரித்துப் போட்ட காருக்கு 25 கிடைக்காது, கழற்றிய கூலியும் கொடுக்க வேண்டும். எனவே பிரிக்கும் முன்பே இரண்டைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: பிரித்துப் பார்த்து வேண்டாம் என்றால் எவ்வளவு, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு. நானாக இருந்தால் 65ஐ மேல்வரம்பாக வைப்பேன். 75 வரை போகாதது ஏன் என்றால், ஒரு முறை வெந்த இன்ஜின் அதே வயதுள்ள நல்ல இன்ஜினுக்குச் சமம் ஆகாது.

மூன்றாம் கட்டம் முழு வேலை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்களே, ஹெட் கேஸ்கெட் அதே ரகம். பொருள் மலிவு, அதை எட்டுவதற்கான கூலிதான் பில்லை நிரப்புகிறது. உங்கள் இன்ஜினில் ஹெட் இரண்டு. காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டு, டைமிங் பெல்ட் பக்கம் எல்லாம் பிரித்த பிறகு, அதே சூட்டைத் தின்ற மறுபக்கத்தை விட்டுவைத்தால், அடுத்த வருடம் அதே கூலியை இரண்டாம் முறை கட்டுவீர்கள். இரண்டையும் மாற்றுங்கள். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவையும் அப்படித்தான். உங்கள் இன்ஜினில் ஹெட் போல்டுகள் இறுக்கும்போது நீளும் வகை என்றால் புதிதுதான் போட வேண்டும். 55ல் இவையும் ஃபேஸிங்கும் ஆயிலும் கூலன்டும் அடக்கமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, முதலில் ஏன் சூடேறியது என்று அவர் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் சுற்றவில்லையா? இதற்குப் பதில் இல்லாமல் போடும் புதிய கேஸ்கெட் அடுத்த சூட்டுக்குத்தான் காத்திருக்கும்.

எப்போது கைவிடுவேன்? ஆயிலில் கூலன்ட் நன்றாகக் கலந்து, அடியிலிருந்து தட்டும் சத்தமும் வந்திருந்தால். பிளாக்கிலேயே விரிசல் என்றால். கியர்பாக்ஸும் அடுத்து வரிசையில் நின்றால். அந்த நிலையில் 25க்கு, குறையை மறைக்காமல் சொல்லி, விற்றுவிடுவதே நல்லது.

ரிப்பேர் செய்வது என்று முடிவானால் பணத்தை அவசரச் சேமிப்பிலிருந்து எடுங்கள், இதற்குத்தானே அது. கிரெடிட் கார்டில் இழுத்து, குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிக்கொண்டு போனால் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது. 55 என்பது உங்கள் புதிய காரின் ஏழரை மாதத் தவணைக்குக்கூட வராது. அத்தனை மாதம் அதே தொகையைச் சேமிப்பில் திரும்பப் போட்டுவிட்டால் பள்ளம் நிரம்பிவிடும்.

மைத்துனரின் திரவத்துக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் ஊற்றியிருக்கிறேன். இரண்டு வாரம் சாது போல ஓடியது. அப்புறம் ரேடியேட்டரும் ஹீட்டர் குழாயும் சேர்ந்து அடைத்துக்கொண்டு, கேஸ்கெட் செலவோடு அவற்றின் செலவும் வந்தது. ரிப்பேர் செய்யப் போகும் இன்ஜினில் அதை ஊற்றவே கூடாது. விற்கப் போகும் காரில் ஊற்றிவிட்டு நல்ல வண்டி என்று கொடுப்பது ஏமாற்று.